பழைய தண்ணீர்

2014-ஆம் ஆண்டு புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை திருவண்ணாமலைக்குப் போய்வந்த எங்கள் குடும்பத்தில் ஒன்பது பேருக்கு வாந்தியும் பேதியும் கண்டது. அதில் ஒன்று பதினொரு மாதக் கைக்குழந்தை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. தயிர்சோறுதான் காரணம் என்று அன்று வீட்டில் முடிவானது. அதைச் செய்த என் மதினி மேல் பழி விழுந்தது. தயிர்சோறு காரணம் இல்லை என்று எனக்கு அன்றே தெரியும். என் வண்டியில் இருந்த தண்ணீர்த் தொட்டிதான் காரணம். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பதினோரு வருஷம் கழித்து இப்போது எழுதுகிறேன்.

திருவண்ணாமலை என்றால் பலருக்கும் அருணாசலேசுவரரும் கிரிவலமும் நினைவுக்கு வரும். நான் சொல்வது எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சிறு குன்று. மேலே சீனிவாசப் பெருமாள். தென்திருப்பதி என்றும் சொல்வார்கள். திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு போக முடியாதவர்கள் இங்கே வந்து முடி இறக்கி நேர்த்திக்கடனைக் கழித்துவிடலாம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர் என்று நாலா பக்கமும் இருந்து சனம் வரும். சிறப்புப் பேருந்து விடுவார்கள். விடியுமுன்பே அடிவாரம் நிறைந்துவிடும்.

எனக்கு வேன் ஓட்டுவதுதான் தொழில். ராஜபாளையம் பக்கம் ஒரு கிராமம். சொந்தமாக ஒரு சுற்றுலா வேன் வைத்திருந்தேன். ஆறுபடை வீடு, நவக்கிரகம், கார்த்திகை பிறந்தால் சபரிமலை. ஒரு சவாரி நாலு நாள், ஆறு நாள் என்று போகும். வழியில் எங்காவது மரநிழல் பார்த்து நிறுத்தி அடுப்பு மூட்டுவார்கள். அதற்காக மேலே கேரியரில் 200 லிட்டர் கறுப்புத் தொட்டி ஒன்றைக் கிடைவாக்கில் வைத்துக் கட்டி, பின்பக்க ஏணியோடு ஒரு குழாயை இறக்கிக் கீழே டேப் பொருத்தியிருந்தேன். கை கழுவ, பாத்திரம் கழுவ, அரிசி களைய, உலை வைக்க, குடிக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரே டேப்தான். வண்டியில் தண்ணீர் வசதி உண்டு என்று சொல்லித்தான் சவாரி பிடிப்பேன். மற்ற வேன்காரர்களிடம் அப்போது அந்த வசதி இல்லை. எனக்கு அதில் பெருமை இருந்தது.

அந்தத் தொட்டியை வாங்கிப் பொருத்திய நாளிலிருந்து 2014 புரட்டாசி வரை ஏறக்குறைய மூன்று வருஷம். ஒரு தடவைகூட நான் அதை முழுவதுமாக வடித்ததில்லை. உள்ளே கைவிட்டுத் தேய்த்ததில்லை. சவாரிக்கு முந்தின நாள் ஏணியில் ஏறி மூடியைத் தூக்கி, ஓஸைச் சொருகி, நிரம்பி வழியும்போது மோட்டாரை நிறுத்துவேன். அவ்வளவுதான். அடியில் ஐம்பது லிட்டர் பழைய தண்ணீர் கிடந்தாலும் அதன் மேலேயே புதுத் தண்ணீர் விழும்.

ஏன் வடிக்கவில்லை என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடிக்கலாம். அது உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. தினமும் குழாயில் தண்ணீர் வராத ஊரில் வளர்ந்தவன் நான். தண்ணீர் வரும் நாளில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதே என்று தவித்தவன். ராஜபாளையத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் ஆறாவது மைல் தேக்கத்தில் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று பேச்சு கிளம்பினாலே வீட்டுப் பெண்களுக்கு முகம் மாறிவிடும். அப்படி வளர்ந்தவனுக்கு ஐம்பது லிட்டர் தண்ணீரைத் தரையில் திறந்துவிட மனசு வராது. பாவம் என்றே தோன்றும். இருக்கிறதோடு இருக்கட்டும், மேலே நிரப்பிக்கொள்வோம் என்று விட்டுவிடுவேன்.

இந்தக் காரணத்தையும் முழுசாக நம்ப முடியவில்லை. என் அப்பத்தாவும் அதே ஊரில், அதைவிடப் பஞ்சமான காலத்தில் இருந்தவள்தான். தினமும் காலையில் குடத்தில் மிச்சமிருக்கும் தண்ணீரை முருங்கை மூட்டில் ஊற்றிவிட்டு, பித்தளைக் குடத்தைப் புளி போட்டு உள்ளும் புறமும் விளக்கிய பிறகுதான் புதுத் தண்ணீர் பிடிப்பாள். உள்ளே கை போகாத சின்ன வாய்க் குடத்துக்கு மணலைப் போட்டுக் குலுக்குவாள். கலங்கல் தண்ணீர் வந்தால் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்பக்கம் உரசி வைப்பாள்; ஒரு பொழுதில் மண் அடியில் படிந்துவிடும். தேற்றா விதையால் கலங்கிய நீர் தெளிவது கலித்தொகைக் காலத்திலேயே உவமையாகும் அளவுக்குத் தெரிந்த சங்கதி என்று பிறகு படித்தேன். ஊற்றிய தண்ணீர் அவளுக்கு வீணாகவில்லை; முருங்கைக்குப் போனது. வடிப்பதும் விளக்குவதும் நிரப்புவதும் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்குத் தெரிந்த வேலை. குடம் பிளாஸ்டிக் ஆகி, தொட்டியாகி, மொட்டைமாடிக்கும் வண்டிக் கூரைக்கும் ஏறிக் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் அந்த வேலை எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. என் கையை விட்டுப் போய்விட்டது என்று சொல்வதுதான் சரி. அடுத்தவர்களை இதில் சேர்க்க எனக்கு உரிமை இல்லை.

எச்சரிக்க ஆள் இல்லாமலும் போகவில்லை. 2012-ல் டெங்கு வந்தபோது தமிழ்நாட்டில் 12 ஆயிரம் பேருக்கு மேல் படுத்தார்கள். திருநெல்வேலிப் பக்கம்தான் கடுமை. அந்தப் பக்கத்துக் கடையநல்லூர் எங்களுக்குத் தென்காசி ரோட்டில் இருக்கும் ஊர். வாரம் ஒருமுறை நான் கடந்துபோகும் ஊர். அந்த வருஷம் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து தொட்டியை, டிரம்மை, ஆட்டுரல் குழியைக்கூட விடாமல் கவிழ்த்தார்கள். ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவிடும். தண்ணீரைக் கொட்டினாலும் அந்த முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி நனைந்ததும் பொரியும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும் என்று ஒரு அம்மா என் வீட்டு வாசலில் நின்று பொறுமையாகச் சொன்னார். தலையை ஆட்டினேன். வண்டி மேலே இருந்த தொட்டி அவர் கண்ணில் படவில்லை. நானும் காட்டவில்லை.

அதுவும் போகட்டும். நான் தினமும் வண்டியை நிறுத்திய இடம் எங்கள் ஊராட்சி மேல்நிலைத் தொட்டியின் நிழல். அதன் தூணில் பெயின்டால் எழுதியிருக்கும்: சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்யும் நாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டி இயக்குபவர் ஏறிக் கழுவிவிட்டு வந்து தேதியை அழித்து எழுதுவார். வண்டி ஜன்னல் வழியாக அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் மூன்று வருஷம் டீ குடித்தேன்.

அந்த வருஷம் ஆடியோடு சவாரி ஓய்ந்துபோனது. கடைசியாக ராமேசுவரம் போய்வந்ததில் தொட்டியில் பாதித் தண்ணீர் மிச்சம். வண்டி ஐம்பது நாளுக்கு மேல் நின்றது. கறுப்புத் தொட்டி, ஆவணி வெயில். மூடியில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது எனக்குத் தெரியும். அதன் மேல் ஒரு செங்கல் வைத்திருந்தேன்.

அக்கா மகளின் பிள்ளைக்கு முதல் முடி இறக்க வேண்டும் என்று புரட்டாசி மூன்றாம் சனி குறித்தார்கள். உறவில் இருபத்திரண்டு பேர். நம்ம வண்டி இருக்க வேறு வண்டி எதற்கு என்று எல்லாருக்கும் சந்தோஷம். வெள்ளிக்கிழமை இருட்டின பிறகுதான் தொட்டியின் ஞாபகம் வந்தது. தோட்டத்துக் கிணற்றில் மோட்டாரைப் போட்டு, மாட்டுத் தொழுவத்து ஓரமாகக் கிடந்த ஓஸை இழுத்து, அதன் நுனியைக்கூட அலசாமல் தொட்டிக்குள் விட்டேன். மூடியைத் திறந்தபோது ஒரு வாடை அடித்தது. பழைய பூச்சாடித் தண்ணீர் வாடை. தண்ணீர் நிரம்பினால் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஒப்புதலில் எனக்கு எழுதக் கஷ்டமான வரி இதுதான். மறுநாள் அதிகாலை மூன்று மணிக்கு வண்டியை எடுக்கும்போது வீட்டுப் பானையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து என் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அன்று முழுவதும் அந்தப் பாட்டில் தண்ணீரைத்தான் குடித்தேன். என் தொட்டித் தண்ணீர் குடிக்கத் தகுந்ததில்லை என்று என் கைக்குத் தெரிந்திருக்கிறது. இருபத்திரண்டு பேரும் அதைக் குடிக்கட்டும் என்று விட்டவன் நான்.

அடிவாரத்தில் பிள்ளைக்கு முடி இறக்கிக் குளிப்பாட்டி, சந்தனம் தடவினார்கள். படியேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. வண்டிக்குப் பின்னால் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தோம். மதினி முந்தின ராத்திரியே புளியோதரை கட்டியிருந்தார். விடியுமுன் எழுந்து தயிர்சோறு பிசைந்து, மாதுளை முத்து போட்டு, பெரிய தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் கோயிலுக்குப் போவதென்றால் மதினி கையால் கட்டுச்சோறு என்பது எழுதப்படாத சட்டம். எல்லாரும் சாப்பிட்டார்கள். நானும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். டேப்பைத் திறந்து குடித்தார்கள், கை கழுவினார்கள், வெற்றுப் பாட்டில்களில் நிரப்பிக்கொண்டார்கள். பிளாஸ்கில் கொண்டுவந்த வெந்நீர் தீர்ந்துபோனதால் அக்கா மகள் பிள்ளைக்குப் பால்மாவையும் அந்தத் தண்ணீரிலேயே கரைத்தாள். அதை நான் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் வேண்டாம்மா என்று சொல்ல எனக்கு ஒரு வாய் போதும். சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

ராத்திரி பதினோரு மணிக்கு முதல் ஆளுக்கு வாந்தி. விடிவதற்குள் ஒன்பது பேர். பெரியவர்கள் எப்படியோ தாங்கிக்கொண்டார்கள். பிள்ளைக்குக் கண் உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தது. மொட்டைத் தலை என்பதால் அந்தப் பள்ளம் எல்லார் கண்ணுக்கும் பட்டது. என் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வாசலில் இறங்கியதும் அக்கா மகள் பால் புட்டியைக் கழுவ அதே டேப்பைத் திறந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் நாக்கு எழவில்லை.

டாக்டர் நல்ல மனுஷர். குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு, வெளியே வந்து எங்களைக் கூட்டி வைத்துக் கேட்டார். எத்தனை பேருக்கு இப்படி, என்ன சாப்பிட்டீர்கள், எந்தத் தண்ணீர் குடித்தீர்கள்? முதல் இரண்டு கேள்விக்கும் ஆளாளுக்குப் பதில் சொன்னார்கள். மூன்றாவதற்கு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வண்டிக்காரன் நான்தானே.

“போர் தண்ணி சார். அன்னைக்குத்தான் புடிச்சது.”

பாதி உண்மை. அது கிணற்றுத் தண்ணீர். போர் தண்ணீர் இல்லை. புதிதாகப் பிடித்தது பாதி. மீதிப் பாதி ஐம்பது நாள் பழசு. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். தயிர்சோறு எப்போது செய்தது என்று கேட்டார். விடியுமுன், பாதி ராத்திரியில் பிசைந்தது என்று யாரோ சொன்னார்கள். வெயிலில் வைத்திருந்தீர்களா என்றார். ஆமாம் என்றார்கள். அந்த இடத்தில் பேச்சு தயிர்சோற்றின் பக்கம் திரும்பியது. நான்தான் திருப்பிவிட்டேன் என்பது ஒருவருக்கும் தெரியாது.

அந்தப் பிள்ளைக்கு அப்போது தயிர்சோறு பழக்கமே இல்லை. அது குடித்தது பால்மா மட்டும். அதை யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து அன்று சாயந்திரமே யோசித்துவிட்டேன். படுத்த ஒன்பது பேரும் டேப்பில் குடித்தவர்கள். அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக் குடித்த மூன்று பேர் தயிர்சோறு சாப்பிட்டும் நன்றாக இருந்தார்கள். நான் இரண்டு தடவை சாப்பிட்டும் நன்றாக இருந்தேன்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வண்டி மேலே ஏறினேன். செங்கல்லை எடுத்து மூடியைத் திறந்தேன். தண்ணீர் மேல்பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. கையை விட்டுச் சுவரைத் தொட்டால் விலாங்கு மீனைத் தொட்டதுபோல வழுக்கியது. அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குச் செம்மண் சேறு. அதில் மக்கிய வேப்பிலை, ஒரு காக்கைச் சிறகு, சுருண்டு நெளியும் புழுக்கள். வெடிப்பு வழியாகப் பறவை எச்சம் உள்ளே வழிந்து கோடு கோடாகக் காய்ந்திருந்தது. கறுப்புத் தொட்டிக்குள் வெளிச்சம் போகாது, அதனால் பச்சைப் பாசி பிடிக்காது. பாசி இல்லையே என்று அதுவரை நிம்மதியாக இருந்தவன். வெளிச்சம் இல்லாமலே வளரும் வழவழப்பு ஒன்று உண்டு, கிருமிகள் தாங்கள் குடியிருக்கத் தாங்களே பூசிக்கொள்ளும் பிசின் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

யாரையும் எழுப்பாமல் வண்டியைத் தோட்டத்துக்கு ஓட்டிப்போய், சரிவில் நிறுத்தி, அத்தனையையும் திறந்துவிட்டேன். மூன்று வருஷத்தில் முதன்முறையாக அந்தத் தொட்டி காலியானது. தென்னை நார் வைத்துத் தேய்த்து, மூன்று தடவை அலசி, விடியுமுன் வண்டியைக் கொண்டுவந்து பழைய இடத்தில் நிறுத்தினேன். தொட்டியைச் சுத்தம் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். தடயத்தை அழித்தேன். மறுநாள் யாராவது தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் சோதிக்க அங்கே ஒன்றும் இருந்திருக்காது. அந்த டாக்டருக்குத் தெரிய வேண்டிய ஒன்றையும் நான் அன்று ராத்திரி வாய்க்காலில் ஊற்றிவிட்டேன்.

பிள்ளை பிழைத்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தது. இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறான்.

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரும் அவரை நேரில் ஒரு வார்த்தை திட்டவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படிப் பேசும் வழக்கம் இல்லை. அடுத்த வருஷம் ஒரு காதுகுத்துக்குக் கோயிலுக்குப் போனபோது, கட்டுச்சோறு வேண்டாம், ஹோட்டலில் சொல்லிவிடுவோம் என்றார்கள். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. மதினி எதுவும் கேட்கவில்லை. பெரிய தூக்குவாளியைப் பரணில் ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குத் தயிர்சோறு போடும்போது முதலில் தான் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, அதன் பிறகு தட்டில் வைப்பார். அதை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சோறு எனக்கு இறங்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தொட்டி விஷயத்தில் நான் திருந்திவிட்டேன். வெளியூர் சவாரி முடிந்து வந்த அன்றே மிச்சத்தைத் தென்னைக்கு வடித்துவிடுவேன். தொட்டியின் வெளிக்குழாய் அடிமட்டத்துக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கும். டேப்பை எத்தனை நேரம் திறந்து வைத்தாலும் அந்த ஒன்றரை அங்குலம் போகாது, சேறு முழுக்க அதில்தான். அதற்கென்று அடியிலேயே ஒரு வால்வு வைத்தேன். வாகனத்தைக் கொஞ்சம் சரிவில் நிறுத்தினால் கடைசிச் சொட்டு வரை இறங்கும். பிறகு சுவரைத் தேய்ப்பேன். பிறகு மருந்து. 200 லிட்டர் நிரப்பி, 30 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனி வாளியில் கரைத்துத் தெளிய வைத்து, தெளிவை மட்டும் ஊற்றுவேன். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். அப்படியானால் லிட்டருக்கு 50 மில்லிகிராம். பாக்கெட் பிரித்துப் பல நாள் ஆன பவுடரில் அந்த வீரியம் இருக்காது. கீழே டேப்பைத் திறந்து குளோரின் வாடை வரும்வரை விட்டு மூடினால்தான் குழாயின் உட்புறத்துக்கும் மருந்து போய்ச்சேரும். நாலு மணி நேரம் அப்படியே விட வேண்டும். பிறகு முழுவதும் வடித்து, வாடை போகும்வரை இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அமெரிக்காவில் வீடு மாதிரி வண்டியில் ஊர் சுற்றுகிறவர்களும் இதே கணக்கைத்தான் பின்பற்றுகிறார்கள் என்று அங்கே இருக்கும் சொந்தக்காரப் பையன் சொன்னான். அவர்கள் வண்டியில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிவுக்கு வேறு தொட்டி, நிரப்பும் ஓஸ்கூடத் தனி. தொழுவத்தில் கிடந்த ஓஸை நினைத்துக்கொண்டேன். ஒரு எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சுப்புகை வரும், உயிருக்கே ஆபத்து.

குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த மிச்சம் வெயிலில் சூடேறும் தொட்டியில் வெகுநாள் நிற்காது. தெளிவாக இருக்கிறதே என்று பார்த்து முடிவு செய்ய முடியாது. அதனால் நல்ல குழாய்த் தண்ணீர் பிடித்தாலும் மூன்று நாளுக்கு மேல் குடிக்க வைப்பதில்லை. இதெல்லாம் செய்ய எனக்கு அரை நாள் ஆகும். பிளீச்சிங் பவுடருக்கு ஆகும் செலவு ஒரு டீக்காசு.

இப்படித் திருந்தியதை வைத்துப் பல வருஷம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இனிமேல் ஒழுங்காக இருக்கிறேனே, போதாதா என்று. தொட்டிக்கு அது போதும். மதினிக்குப் போதாது. தொட்டியைக் கழுவிய கையோடு அவர் பேரையும் கழுவியிருக்க வேண்டும்.

இந்த மாசியில் அண்ணனுக்குத் திதி. எல்லாரும் போன பிறகு மதினி திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கீழே உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். பாட்டில் தண்ணீரையும் சொன்னேன். ராத்திரி வடித்ததையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. நான் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார், அழுவார், திட்டுவார் என்று நினைத்திருந்தேன்.

“ஏய்யா, டாக்டர் அன்னைக்குக் கேட்டாரே, என்ன தண்ணின்னு. பிள்ளை உசிருக்குக் கெடந்துச்சே. அப்பக்கூடவா உமக்குச் சொல்லத் தோணல?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. நான் பயந்தது சவாரி போய்விடும் என்பதற்கு. மாமா வண்டியில் ஏறாதீர்கள் என்று சொந்தமே சொல்லிவிடும் என்பதற்கு. ஒரு உயிர் தராசில் இருந்தபோது மறு தட்டில் நான் வைத்தது அதைத்தான்.

மதினி எழுந்து உள்ளே போகும்போது, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம், போனது போகட்டும் என்றார். அவர் சொல்லை நான் இதுவரை மீறியதில்லை. இதில் மட்டும் மீறுகிறேன். எங்கள் சொந்தக்காரர்களில் வாசிக்கிற பழக்கம் உள்ளவர்கள் சிலர் உண்டு. அவர்கள் வாசித்துவிட்டு மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அக்கா மகளுக்கு நேற்றே போன் செய்து சொல்லிவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். அவள் கோபம் நியாயமானது, ஆறும்வரை காத்திருப்பேன்.

வரும் புரட்டாசியில் யாருடைய வேனிலாவது கோயிலுக்குக் கிளம்புகிறவர்கள், ஏறுவதற்கு முன்னால் தொட்டி மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எப்போது வடித்தாய் என்று கேளுங்கள். வண்டிக்காரன் கோபப்பட்டால் பரவாயில்லை.

அந்தச் சனிக்கிழமை என் மதினி பிசைந்து கொண்டுவந்த தயிர்சோறு கெட்டுப்போகவில்லை. நன்றாகத்தான் இருந்தது.